காரை தடுத்தா கடை மூடிடும்ங்கிறது தப்பு

மேல ஒருத்தர் "டவுன் சென்டர்ல காரை தடுத்தா ஒரே வருஷத்துல கடையெல்லாம் மூடிடும், உலகம் பூரா இதான் நடந்துச்சு"ன்னு எழுதியிருக்கார். அப்படி இல்லங்க. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல ஸ்ட்ரோயெட் தெருவை 1962ல நடக்கிறவங்களுக்கு மட்டும்னு மாத்துனப்போ அங்க வியாபாரிங்களும் இதே பயத்தைதான் சொன்னாங்க, முதல்ல ட்ரையலா ஆரம்பிச்சு 1964ல நிரந்தரமாக்குனாங்க, இன்னைக்கும் அந்த ஊரோட மெயின் ஷாப்பிங் தெரு அதுதான். ஸ்பெயின்ல பொன்டேவெத்ராங்கிற ஊர் 1999லேர்ந்து சென்டர்ல காரை ரொம்பவே குறைச்சிருக்கு, ஆனா சரக்கு வண்டி, ஆம்புலன்ஸ், அங்க குடியிருக்கிறவங்க வண்டி எல்லாம் உள்ள போகுது. தடைன்னதும் ரோட்டையே பூட்டிடுவாங்கன்னு நினைக்கிறதுலதான் பாதி குழப்பம்.

தோத்த இடமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவுல ஃப்ரெஸ்னோங்கிற ஊர் 1964ல மெயின் தெருவை நடைபாதையா மாத்தி 2017ல திரும்ப வண்டிக்கு திறந்துடுச்சு. ஆனா அங்க கடையும் வீடும் புறநகர் பக்கம் நகர்ந்துட்டே இருந்துச்சு, அதை வெறும் கார் தடை மேல போடறது நியாயமில்ல. கார் இல்லாத தெரு ஜெயிக்கணும்னா சென்டர்லயே ஜனங்க குடியிருக்கணும், பஸ் பக்கத்துல வந்து நிக்கணும், உக்கார நிழல் வேணும். நிழலும் தொட்டிச் செடியில வராது, மரம்தான் வேணும், அதோட வேர் பரவ தரைக்கு அடியில மண்ணுக்கு இடம் விடணும், அதை ரோடு தோண்டும்போதே செஞ்சாதான் உண்டு.

அந்த "உலகம் பூரா"ங்கிற வரியை மட்டுமாவது எடுத்துடுங்க ப்ளீஸ், நிறைய பேர் அதை அப்படியே நம்பிடுவாங்க.