அம்மா கடைப் பூண்டும் அந்தத் தம்பியின் வீடியோவும்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேராவது எனக்கே அனுப்பிவிட்டீர்கள். "மலைப்பூண்டுன்னா போதும், நம்ம ஜனம் கண்ணை மூடிட்டு டபுள் விலை குடுக்கும், எல்லாம் சென்டிமென்ட்" என்று அந்தத் தம்பி சிரிக்கும்போது, பின்னால் தராசோடு நிற்பது என் அம்மா. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் பிடித்திருக்கலாம்.

யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை தம்பி. கொடைக்கானல் பக்கம், பூம்பாறை ரோட்டில் எங்கள் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். போன மாதம் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். கேரட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பூண்டுக்கு வந்ததும் விலையே கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து, மோந்து பார்த்து, ஒரு பல்லை நகத்தால் கீறி, புகைவாசம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பையில் போட்டார். மகளுக்குப் பிரசவமாகி எட்டு நாளாம்.

விலை பார்த்து வாங்குவது வேறு, யாருக்கு என்று பார்த்து வாங்குவது வேறு. பேறுகாலப் பூண்டுக்குப் பேரம் பேசினால் மகளுக்கே குறை வைத்த மாதிரி அவருக்கு. பழனிப் பஞ்சாமிர்தத்தை "வாழைப்பழமும் சர்க்கரையும்தானே" என்று யாராவது கணக்குப் போட்டு வாங்குகிறோமா? அதற்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் ஒரே வருஷம், 2019இல்தான், இந்த ஊர்ப் பொருள் இது என்கிற புவிசார் குறியீடு கிடைத்தது. அது பக்தி, இது ஏமாளித்தனமா?

"பூண்டு தின்னா பால் சுரக்கும்னு நிரூபணம் உண்டா" என்று வருவீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், நான் அதைச் சொல்ல வரவில்லை. "வெளியூர்ப் பூண்டைக் கலந்து விக்கிறாங்களே" என்பீர்கள். விற்கிறார்கள். எங்களுக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் கலக்கிறவனைத் திட்ட வேண்டிய வாயால், பார்த்துப் பார்த்து வாங்குகிறவரை ஏன் முட்டாள் என்கிறீர்கள்?

அந்தப் புகைவாசம் சும்மா வரவில்லை. தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காக்கிற பூண்டு அது. அந்தப் புகையில் அம்மாவின் கண் சிவந்தேதான் இருக்கும். என் பிரசவத்துக்கு, விதைக்கென்று வைத்திருந்த கட்டையே அவிழ்த்துக் கொடுத்தார். அந்தப் போகம் இரண்டு பாத்தி குறைத்துத்தான் நட்டோம். இதைச் சென்டிமென்ட் என்றால், ஆமாம், சென்டிமென்ட்தான்.

அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் காட்டித்தான் பார்த்தார். முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்தத் தம்பி அரைக் கிலோ வாங்கிட்டுத்தானே போச்சு, அவங்க வீட்ல யாருக்குடி பிரசவம்?"