கைடு யார் என்பதை நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

போன வாரம் ஏற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் நாகலூரிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். இந்த வருடம் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள். "அக்கா, யாருக்கு யார் கைடுன்னு லிஸ்ட் ஒட்டிட்டாங்க. நான் கேட்ட சார் வரல. யாருன்னே தெரியாத ஒருத்தரப் போட்டிருக்காங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஊரில் எல்லாரும் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தேற்றுகிறார்களாம். அதற்கு உதாரணமாக என்னைக் காட்டுகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் இதேதான் நடந்தது. அப்பாவுக்கு எஸ்டேட் வேலை. மழைக்கு முன்னால் காபிக்கு வெளிச்சம் விழ நிழல் மரங்களில் கிளை கழிப்பார்கள். வெட்டிய கிளையோடு ஆர்க்கிட் செடிகளும் கீழே வரும். அப்பா அதை எடுத்து வந்து எங்கள் வீட்டுப் பலா மரத்தில் தேங்காய் நார் வைத்துக் கட்டிவிடுவார். அப்படிக் கட்டியது பிழைத்துப் பூத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஏற்காட்டில் 1963-லிருந்து தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பள்ளியில் கூட்டிப்போனபோது மற்றவர்கள் குடுவைச் செடியைச் சுற்றி நின்றார்கள், நான் ஆர்க்கிட் தொட்டிகளை விட்டு நகரவில்லை. ஆராய்ச்சி என்றால் இதுதான், செடிகளை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியல் பேராசிரியரிடம்தான் என்று முடிவோடு சேர்ந்தேன்.

அவரிடம் இடம் நிரம்பிவிட்டது. லிஸ்டில் என் பெயருக்கு நேராக மண் பூஞ்சைகளில் வேலை செய்யும் ஓர் உதவிப் பேராசிரியை பெயர் இருந்தது. அன்று சாயந்திரம் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. எங்கள் ஊரில் பூஞ்சை என்றால் காபியில் வரும் இலைத்துருதான். "நோயப் படிக்கவா கண்ணு இவ்வளவு தூரம் போன?" என்று அப்பா கேட்டார்.

மேடம் முதல் நாளே சொன்னார்: "எனக்கு ஆர்க்கிட் தெரியாதும்மா. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்." அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதோட விதை எப்படி முளைக்குது?"

ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும். முளை வளரத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் உண்டு. 1899-லேயே பிரான்சில் நோயல் பெர்னார்ட் இதைக் கண்டு எழுதிவிட்டார். நானும் பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் அதுவரை பூவையும் இலையையும் தவிர எதையும் பார்த்ததில்லை.

மேடம் உருளைக்கிழங்குத் துண்டைக் கீறி அதற்குள் வேரை வைத்து பிளேடால் சீவக் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு வாரம் எல்லாம் தடிமனாகத்தான் வந்தது, கட்டைவிரல் முழுக்க வெட்டுக்காயம். ஒருநாள் ஒரு சீவல் வெங்காயச் சருகு மாதிரி வந்தது. டிரிப்பான் நீலம் என்ற சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், செல்களுக்குள் நூல்கண்டு சுற்றி வைத்த மாதிரி பூஞ்சை இழைகள். எங்கள் வீட்டுப் பலா மரத்து ஆர்க்கிட்டின் வேர் அது. அப்பா கட்டிய செடி.

மேடம் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. ஆனால் ஆய்வேட்டில் எந்த அத்தியாயம் கொடுத்தாலும் பத்து நாளில் வரிக்கு வரி பென்சில் குறிப்போடு திரும்பி வரும். என் பட்டம் அந்தப் பென்சிலால் வந்தது.

ஊரில் சொல்லும் கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. அதே லிஸ்டில் என் ஹாஸ்டல் அறைத்தோழி பெயரும் இருந்தது. அவளுக்கும் கேட்காத கைடுதான் கிடைத்தார். அவள் எழுதிய அத்தியாயம் எட்டு மாதம் அவர் மேஜையில் கிடந்தது, பிரித்த அடையாளமே இல்லை. கைடை மாற்றலாம் என்றால் அதே கைடிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கேட்டதையே அவமானமாக எடுத்துக்கொண்டார். மூன்றாம் வருடம் அவள் பெட்டியைக் கட்டினாள். என்னைவிட நன்றாகப் படித்தவள். அவளிடமும் எல்லாம் நல்லதுக்குத்தான் என்றுதான் சொன்னார்கள்.

கேட்டவர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார், தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி பேராசிரியர் 8 ஆய்வு மாணவர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று 2022 விதி சொல்கிறது. இந்தத் தங்கச்சி கேட்ட சார் அப்படித்தான் விட்டுப்போனார். அந்த விதிகளில் எனக்குக் குறை இல்லை. ஆனால் யாரிடம் எத்தனை இடம் காலி, யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பது துறைக்கு முன்னாடியே தெரியுமே! அதை நேர்காணலுக்கு முன்பே ஒட்டினால் என்ன? பெயர் போடும் முன் இரண்டு பேரையும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வைத்தால் என்ன? ஆராய்ச்சிக்கு முன் படிக்கும் பாடங்கள் (கோர்ஸ் வொர்க்) முடிவதற்குள் மாற வேண்டும் என்றால் துறைத்தலைவரிடம் ஒரு விண்ணப்பம் போதும் என்று வைக்கலாம். பழைய கைடின் கையெழுத்து எதற்கு? அதிகபட்சம் ஆறு வருடம்தான் நேரம் என்று சொல்லிவிட்டு, அதில் பாதியைக் கடிதத்துக்காக அலைய விடுவது அநியாயம்.

தங்கச்சியிடம் ஒன்றுதான் சொன்னேன். அவர் எதில் நிபுணர் என்று இப்போதைக்குப் பார்க்காதே. அவரிடம் முடித்தவர் யாராவது இருந்தால் கண்டுபிடி. எழுதிக் கொடுத்தது எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று கேள். திங்கட்கிழமை அவரைப் பார்க்கப் போகிறாள், அதற்குள் விசாரித்துவிடுகிறேன் என்றாள்.

ஊரில் என்னை உதாரணம் காட்டுகிறவர்களே, தயவுசெய்து அடுத்த முறை என் தோழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.