மூன்று மாதம் போனால் நடை வராதா?
வன்னியில் பாரிசவாதம் வந்த வீட்டுக்குப் போனால் யாராவது சொல்லுவார்: "மூன்று மாதத்துக்குள் நடக்காட்டி இனி இல்லை, பயிற்சி வீண்." இது பிழை. முன்னேற்றம் வேகமாக இருக்கும் காலம் அது, அவ்வளவுதான். வருடம் கடந்தும் பயிற்சியால் சமநிலையும் நடையும் தேறலாம்.

பெரிய வித்தை இல்லை: கதிரையிலிருந்து எழும்புவது, பலமில்லாத காலில் பாரம் ஏற்றி நிற்பது, அடி வைப்பது, திரும்பத் திரும்ப. உதவுபவர் பலமில்லாத பக்கம் நிற்கட்டும். அந்தப் பக்கக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெடும். ஊன்றுகோல் நல்ல கையில். மணல் முற்றம் பிறகு, முதலில் சீமெந்து விறாந்தை.

சரி, அவசரமும் ஆகாது. பாரிசவாதம் வந்து முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி அடிக்கடி எழுப்பி நடத்தப்பட்டவர்கள் வழமையான பராமரிப்பு பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள் என்று 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடங்கும் நாளை இயன்மருத்துவர் சொல்லட்டும்.