ழான்-க்ளோட் வெறும் மனைவி இல்லீங்க

பெரிய பெரிய கட்டடங்களையே துணியால மூடிக் காட்டின ஆர்ட்டிஸ்ட் கிறிஸ்டோவ பத்தின உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஒரு எடத்துல கிறிஸ்டோவுக்கு உதவியா இருந்த மனைவி ழான்-க்ளோட்னு போட்டிருக்கீங்க பாருங்க, அத படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. அவங்க உதவியாளர் இல்லீங்க, சரிபாதி ஆர்ட்டிஸ்ட். ஆரம்பத்துல எல்லாம் கிறிஸ்டோ பேர்ல மட்டும்தான் வந்துச்சு, 1994ல தான் பழைய வெளிப்புற வேலைங்களுக்கும் சேர்த்து ரெண்டு பேர் பேரையும் போடணும்னு அவங்களே சொன்னாங்க. டிராயிங் மட்டும் கிறிஸ்டோ, அத வித்த காசுலயே எல்லா செலவும், ஸ்பான்சரே கிடையாது. பெர்லின்ல இருக்கற ரைஷ்டாக்ங்கற ஜெர்மன் பார்லிமென்ட் கட்டடத்த துணியால மூடணும்னு 1971ல வந்த ஆசை, எம்பிங்கள ஒவ்வொருத்தரா பார்த்து பேசி பேசி, கடைசில பார்லிமென்ட்ல 292க்கு 223ன்னு ஓட்டு விழுந்து 1995ல தான் நடந்துச்சு, 24 வருஷம்! அத மூடினப்ப எடுத்த வீடியோவ பாருங்க, கயித்துல தொங்கிக்கிட்டே ஆளுங்க இறங்க இறங்க மேலருந்து துணி மடிப்பு மடிப்பா பிரிஞ்சு வரும், வெயில் பட்டா அப்படியே வெள்ளித்தகடு மாதிரி மின்னும். ரெண்டே வாரம், 50 லட்சம் பேர் வந்து பார்த்தாங்க. அவங்க 2009லயும் அவர் 2020லயும் போயிட்டாங்க, அதுக்கப்புறம் 2021ல பாரிஸ்ல ஆர்க் டி ட்ரையம்ஃப்ங்கற வெற்றி வளைவ மூடினப்பவும் ரெண்டு பேர் பேரும்தான் இருந்துச்சு. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திடுங்க ப்ளீஸ்.