சாணச் சாம்பலுக்கும் காவல் வேண்டும்

கர்நாடகத்தில் பல்லாரி, ராய்ச்சூர் பக்கம் வயல்களுக்கு நடுவே சாம்பல் மேடுகள் நிற்கின்றன. சில மேடுகள் பல ஆள் உயரம். ஹம்பி அருகே நிம்பாபுரத்தில் இருப்பதை வாலியை எரித்த இடம் என்பார்கள். பல்லாவரத்தில் 1863-ல் கற்கருவியைக் கண்டெடுத்தாரே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் இந்த மேடுகள் புதிய கற்கால மக்களுடையவை, எரிந்தது மாட்டுச் சாணம் என்று சொன்னவர். சாம்பலைப் பரிசோதித்து சொய்னர் என்ற ஆய்வாளர் அதை உறுதிப்படுத்த 1960 ஆகிவிட்டது.

தெலங்கானாவின் உட்னூரில் இருக்கும் மேட்டை 1957-ல் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் தோண்டியபோது வெளிப்பட்டது ஒரு மாட்டுப் பட்டி. சுற்றிலும் கம்பம் நட்ட குழிகள். சாணம் சேர்ந்ததும் தீ, அப்புறம் மறுபடி வேலி, மறுபடி மாடு, மறுபடி தீ. சாம்பல் அடுக்குகளுக்கு இடையே மாட்டின் குளம்புத் தடங்கள் அப்படியே இருந்தன. நாலாயிரம் ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு மாடு நடந்து போன தடம்! இதைவிட நேரடியான சாட்சி எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? ஏன் எரித்தார்கள் என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. ஆல்ச்சின் அதைச் சடங்காகப் பார்த்தார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அருமையான எருவை வெறும் குப்பையென்று இத்தனை தலைமுறை கொளுத்தியிருக்க மாட்டார்கள்.

மாடு மேய்த்தவர்கள் என்றாலே ஊரில்லாமல் அலைந்தவர்கள் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. கர்நாடகத்தின் புதிஹால் சாம்பல் மேட்டில் தொல்லியலாளர் பத்தய்யா நடத்திய அகழாய்வைப் பாருங்கள். பட்டியை ஒட்டியே வீடுகள், மாடு அறுத்த களம், கல் கத்திகள் செய்த இடம், குழந்தைகளைப் புதைத்த தாழிகள். அந்தக் காலத்து மக்கள் கொள்ளுப் பயறும் சிறுதானியமும் பயிரிட்டிருக்கிறார்கள். இது ஊர் இல்லாமல் வேறென்ன?

ஆனால் தங்கமோ செங்கல் சுவரோ கிடைத்தால்தான் நமக்குச் செய்தி. இங்கே கிடைப்பது சாம்பல், எலும்பு, உடைந்த பானை. அதனால் பல மேடுகளை வயலுக்கு உரமாக அள்ளிவிட்டார்கள். பல்லாரி அருகே குப்கல் மலையில் அந்த மக்கள் செதுக்கிய மாட்டு உருவங்களைக் கல்குவாரி நெருங்கியது. அள்ளிய விவசாயி மீது எனக்குக் கோபமில்லை, அது என்னவென்று அவருக்கு யார் சொன்னார்கள்? தொல்லியல் துறைதான் ஒவ்வொரு மேட்டையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, கன்னடத்திலும் தெலுங்கிலும் பலகை வைக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு இழப்பீடும் கொடுக்க வேண்டும். மிச்சமிருப்பதிலாவது இந்த வேலையை உடனே தொடங்கட்டும்.