என்டர் தட்டினால் புது வரிதான் வேண்டும்

அடுத்த வரிக்குப் போகத்தான் என்டர் விசையைத் தட்டுகிறேன். நிரல் எழுதும் என் எடிட்டருக்கு அது புரிவதே இல்லை; எழுத எழுதச் சொல்லை முடித்துத்தரப் பரிந்துரைப் பட்டியலை நீட்டுகிறது. லுவா நிரல்மொழியில் 'எண்ட்' (end) என்று எழுதி என்டர் தட்டினால், பட்டியலில் முதலில் நிற்கும் 'எண்ட்பாயின்ட்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்றே எழுத்தில் முடிய வேண்டிய சொல்! அதை அழித்து, திரும்ப எழுதி, எஸ்கேப் தட்டிப் பட்டியலை விரட்டி, அப்புறம்தான் என்டர். யார் கேட்டார்கள் இந்த உதவியை?

அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றினேன், பரிந்துரையை ஏற்கும் வேலையை டேப் விசையிடம் கொடுத்தேன். இப்போது அங்கே அடிதடி. வரியை உள்தள்ளவும் டேப், சுருக்கமாக எழுதியதை முழு நிரல் துணுக்காக விரிக்கவும் டேப், விரிந்த துணுக்கில் அடுத்த இடத்துக்குத் தாவவும் டேப். இதில் எது நடக்கும் என்பது அந்த நொடியில் பட்டியல் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நான் என்ன ஜோசியனா?

விம் என்ற எடிட்டரில் இது எவ்வளவு நிதானமாக இருக்கிறது! 'ஐஅப்ரெவ்' கட்டளையால் சுருக்கம் வைத்தால், அதை எழுதி இடைவெளி விட்டதும் விரியும்; விரிய வேண்டாமென்றால் இடைவெளிக்கு முன் கண்ட்ரோல்-வி. அவ்வளவுதான். என் எடிட்டரிலோ, கூடுதல் வசதிக்காகப் புதிதாகச் சேர்க்கும் நீட்சி ஒவ்வொன்றும் தன் துணுக்குகளைக் கேட்காமலே கொட்டுகிறது. நானே பெயர் வைத்து, பார்த்துப் பார்த்துச் சேர்த்த சுருக்கங்கள் பட்டியலின் அடியில் கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டுவரும் அமைப்பும் எங்கோ இருக்கிறதாம். எந்தப் பெயரில் ஒளித்து வைத்திருக்கிறார்களோ!