சந்தேகப் பட்டியலும் துப்பாக்கிக் கடையும்

அமெரிக்காவில் பயங்கரவாதச் சந்தேகப் பட்டியலில் பெயர் இருப்பவரை விமானத்தில் ஏறவிடாமல் அரசு தடுக்கலாம். ஆனால் அந்த ஒரே காரணத்துக்காக அவருக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்க அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமில்லை. 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த முரண்பாடு பெரும் விவாதமானது. கொலையாளியை எஃப்.பி.ஐ. முன்பே விசாரித்து, பட்டியலில் சேர்த்து, விசாரணை முடிந்ததும் நீக்கியிருந்தது. அவர் சட்டப்படியே துப்பாக்கி வாங்கியிருந்தார்.

பட்டியலில் உள்ளவர்களுக்கு விற்பனையை மறுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் முன்மொழிவு சில நாட்களிலேயே செனட்டில் தோற்றது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காகக் குரல் கொடுப்போர் எதிர்த்ததில் வியப்பில்லை. குடிமக்களின் அடிப்படை உரிமைகளுக்காக நெடுங்காலம் வழக்காடிவரும் ஏ.சி.எல்.யு. அமைப்பும் அந்தப் பட்டியலை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்றது. அதன் வாதம் சரியானது என்றே நான் கருதுகிறேன். பெயரைச் சேர்த்தது யார், எந்த ஆதாரத்தின் பேரில் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாத பட்டியல் அது. விமானம் ஏற முடியாமல் தவித்த அமெரிக்கக் குடிமக்கள் தொடுத்த வழக்கில், முறையிடுவதற்கு இருந்த நடைமுறை அரசியல் சாசனத்துக்கு முரணானது என 2014-இல் ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அள்ளிச் சேர்த்துவந்ததாக 2013-இல் உளவுத்துறையின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் வழியாக அம்பலமான அதே அரசு, துப்பாக்கி உரிமையாளர்களுக்கென ஒரு தேசியப் பதிவேட்டை வைத்திருக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். நடத்தும் மையத்துக்கு, மூடப்பட்ட துப்பாக்கிக் கடைகளின் விற்பனைக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்து குவிகின்றன. அவற்றைப் படமெடுத்துக் கணினியில் வைத்தாலும், வாங்கியவரின் பெயரைத் தட்டித் தேட முடியாதபடியே வைத்திருக்க வேண்டும். கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று அறிய, தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போய், கடை மூடப்பட்டிருந்தால் அந்தப் பக்கங்களை ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. பேச்சுக்கும் பயணத்துக்கும் இத்தனை அக்கறையோடு யாரும் வேலி போடவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. தற்காப்பு என்பது உரிமம் பெறத் தகுந்த காரணமாக அங்கே ஏற்கப்படுவதில்லை. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதே நாடு 2015-இல் தொலைத்தொடர்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டாண்டு சேமித்துவைக்க வேண்டும் என்று சட்டமியற்றியதை ஆதரிக்க முடியவில்லை.

2016-இல் செனட்டர் சூசன் காலின்ஸ் முன்வைத்த சமரசத்தில், விற்பனை மறுக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் முறையிடவும், வென்றால் வழக்குச் செலவைப் பெறவும் வழியிருந்தது. அதுவும் சட்டமாகவில்லை. அத்தகைய ஏற்பாடு துப்பாக்கி வாங்குபவருக்கு மட்டுமன்றி, விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுபவருக்கும் வேண்டும்: எழுத்தில் காரணம், குறித்த காலத்துக்குள் நீதிபதி முன் விசாரணை, நிரூபிக்கும் பொறுப்பு அரசிடம்.